தட்டைத் தொடாத ஜூலி

நாற்பது மாணவர் நிறைந்த வகுப்பை ஒரு பார்வையாலேயே அடக்கிவிட வல்லவன் என்ற பெருமை ஒரு காலத்தில் எனக்கு இருந்தது. அந்தப் பெருமையைக் குலைப்பதற்கு நாலு கிலோகிறாம் எடையுள்ள ஒரு பிராணியே போதுமாயிருந்தது. அதன் பெயர் ஜூலி. பொமரேனியன் சாதி. வெள்ளை நிறம், நரிமுகம், விசிறி போன்ற வால். சோற்றுத் தட்டை முன்னால் வைத்தால் ஒருமுறை முகர்ந்துவிட்டு, ஏதோ தரக்குறைவான விண்ணப்பத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரியைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"இஞ்சருங்கோ, இது இண்டைக்கும் தின்னேல்லை" என்று மனைவி குசினியிலிருந்து குரல் கொடுக்காத காலைப்பொழுது எங்கள் வீட்டில் அருமையாயிற்று. திருநெல்வேலியிலே, பலாலி வீதிக்குச் சற்று உள்ளே, செம்மண் வளவொன்றில் அமைந்த சாதாரண வீடு எங்களுடையது. பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்களிலே 1974ஆம் ஆண்டு பல்கலைக்கழக வளாகம் தொடங்கிய பின்னர் எங்கள் ஊரிலே அறிவுக்குப் பஞ்சமில்லை என்று வெளியூரார் சொல்வதுண்டு. ஆயினும் ஒரு சின்னஞ்சிறு நாயை உண்ணச் செய்யும் அறிவு மட்டும் எங்கள் ஒழுங்கையில் எவரிடமும் இருக்கவில்லை. ஆலோசனைகளோ ஆளுக்கொன்றாக வந்து குவிந்தன.

2021ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து வெளிநாடு புறப்பட்ட உறவினர் ஒருவர் தம் நாயை எங்களிடம் ஒப்படைத்துச் சென்றார். அப்பொழுது அதற்கு வயது இரண்டு. கூடவே ஒரு பை நிறைய வெளிநாட்டு உலர் உணவும் வந்தது. அந்தப் பை தீருமளவும் குறையொன்றுமில்லை. பின்பு 2022ஆம் ஆண்டின் நெருக்கடி வந்தது. மனிதருக்கு வேண்டிய பால்மாவுக்கும் எரிவாயுவுக்குமே வரிசையில் நின்ற அந்த நாள்களில் நாயுணவுப் பையின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். அன்றுதொட்டு ஜூலிக்கும் எங்களுக்கும் ஒரே பானைச் சோறு என்று முடிவு செய்தோம். நாங்கள் முடிவு செய்தோம், ஜூலி செய்யவில்லை.

எங்கள் இளமைக் காலத்திலே நாய்க்கு உணவு என்பது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. மிஞ்சிய சோறு, பழைய புட்டு, மீன் தலை, ஒடியற் கூழின் அடிமண்டி என்று எதைக் கோடிப்பக்கம் வைத்தாலும் சட்டி கழுவியதுபோலாகும். தமிழருக்கும் நாய்க்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. தொல்காப்பியத்து மரபியல், நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குருளை' என்ற பெயரை வகுத்திருக்கிறது. புலிக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே பெயர் வைத்த மரபு எங்களுடையது என்று வகுப்பிலே சொன்னால் மாணவர் சிரிப்பார்கள். ஆயினும் அந்தக் குருளை வளர்ந்து பிஸ்கற்றை மட்டும் தின்பேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது என்பதற்கு இலக்கணம் எழுதியவர் எவருமிலர்.

பொமரேனியனின் பூர்விகம் பால்றிக் கடலோரத்துப் பொமரேனியா. குளிர்தேசத்துப் பெரிய நாய்களின் வழித்தோன்றல். விக்ரோறியா மகாராணியார் 1888ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்சு நகரிலே மார்க்கோ என்ற சிறிய பொமரேனியனை வாங்கிய பிறகுதான் சின்ன உருவத்தின்மேல் மோகம் பரவியது. 1901ஆம் ஆண்டு மகாராணியார் உயிர்விடும் தறுவாயில் ரூறி என்ற பொமரேனியன் அவருடைய கட்டிலில் கிடந்ததாகச் சரித்திரம் கூறும். அத்தகைய பரம்பரையிலே வந்த பிராணி எங்கள் வீட்டுக் குத்தரிசிச் சோற்றைப் பார்த்து முகஞ்சுளித்ததில் வியப்பென்ன என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் இராசபரம்பரை என்பது காரணமன்று என்பது பிற்பாடு தெரியவந்தது.

முதல் மாதத்திலே நாங்கள் செய்யாத உபாயமில்லை. சோற்றுக்குப் பதிலாகப் பாண் கொடுத்தோம். பாணிலே பட்டர் பூசிக் கொடுத்தோம். பட்டரை நக்கிவிட்டுப் பாணை வைத்துவிட்டது. முட்டை அவித்துக் கொடுத்தோம், மஞ்சட்கருவை எடுத்துக்கொண்டது. மகள் தட்டை ஏந்திக்கொண்டு விறாந்தையிலும் முற்றத்திலும் அதன் பின்னால் நடந்து, "ஒரு வாய், ஒரேயொரு வாய்" என்று கெஞ்சினாள். மகன் தரையில் நாலு காலில் நின்று தானே தின்பதுபோல நடித்துக் காட்டினான். ஐந்து பேர் சுற்றிநின்று கண்கொட்டாமல் பார்க்க, ஜூலி நடுவில் அமர்ந்து எங்களைப் பார்த்தது. யார் யாரைப் பழக்குகிறார்கள் என்ற ஐயம் அப்பொழுதே எனக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

இறுதியில் மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றேன். அவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். சின்னச் சாதி நாய்களுக்குப் பற்கள் நெருக்கமாக அமைவதால் காரை படிந்து முரசு வீங்குவது வழக்கமாம். பல்நோ இருந்தால் நாய் தட்டண்டை போய் முகர்ந்துவிட்டுத் தின்னாமல் திரும்புமாம். ஜூலியின் பல்லில் குற்றமில்லை. காது, கண், வயிறு எல்லாம் பார்த்தார். தராசில் வைத்தார். சரியாக நாலு கிலோகிறாம். எடையும் குறையவில்லை. பிறகு அவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "சேர், தட்டிலை தின்னாத நாய் மெலியேல்லை எண்டால், அது எங்கை தின்னுது?"

கணக்கு ஆசிரியனல்லாத எனக்கும் அந்தக் கேள்வியின் நியாயம் விளங்கிற்று. நாயின் எடைக்கேற்ப அதற்கு வேண்டிய சத்தின் அளவைக் கணிக்க ஒரு முறை உண்டு. எடையின் முக்கால் அடுக்கை 70ஆல் பெருக்குவது அது. நாலு கிலோகிறாம் நாயொன்று சும்மா கிடப்பதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். வீட்டுக்குள் ஓடியாடித் திரிவதற்குச் சேர்த்து 300 என்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் தேநீரோடு தின்னும் மாரி பிஸ்கற் ஒன்றிலே சுமார் 25 கலோரி உண்டு. எனவே ஜூலிக்கு ஒரு பிஸ்கற் கொடுப்பது அதன் நாளுணவில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுப்பதாகும். வளர்ந்த மனிதனொருவன் இடையிலே ஒரு பெரிய பணிஸ் தின்பதற்கு அது சமம். நாங்கள் அதை 'ஒரு துண்டு' என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் பழைய அப்பியாசக் கொப்பியொன்றைக் கொடுத்து, ஒரு நாள் முழுவதும் ஜூலியின் வாய்க்குள் போவது எதுவாயினும் எழுதிவைக்கும்படி சொன்னேன். வீட்டார் எல்லாரும் உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தார்கள். இரவிலே கொப்பியை விரித்தபொழுது எல்லாருடைய முகமும் மாறிற்று. விடியற்காலையில் அம்மா தம் தேநீருக்கு வைத்திருந்த பாலிலே அரைக் கோப்பை ஊற்றி, இரண்டு றஸ்க் நனைத்துக் கொடுத்திருக்கிறார். பள்ளிக்குப் போகுமுன் மகள் ஒரு பிஸ்கற். வந்தபின் மகன் ஒரு பிஸ்கற். வேலிக்கப்பால் உள்ள அயல்வீட்டு அக்கா பட்டர் பூசிய பாண்துண்டொன்றைப் பொட்டுக்குள்ளால் நீட்டியிருக்கிறார். இது பல நாளாக நடந்துவரும் இரகசிய ஒப்பந்தமாம். மாலையிலே கல்லூரியிலிருந்து திரும்பும்போது நான் வாங்கிவந்த உழுந்து வடையில் பாதி. கூட்டிப் பார்த்தால் 350 கலோரிக்குக் குறையவில்லை. தட்டிலிருந்து ஒரு பருக்கையும் போகாமலே ஜூலி தன் பங்குக்கு மேலாக உண்டுவிட்டது. பசியில்லாத பிராணியைப் பசிக்கவில்லையே என்று கோபித்துக்கொண்டிருந்தோம்.

என் வடைக்கு இன்னொரு குற்றமும் இருந்தது. அதிலே வெங்காயம் உண்டு. வெங்காயமும் உள்ளியும் நாயின் குருதிச் செங்கலங்களைச் சிதைக்கும். சிறிய நாய்க்குச் சிறிதளவும் ஆபத்து. கொக்கோ மிகுந்த சொக்கிலேற்றும், முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் அவ்வாறே. எங்கள் யாழ்ப்பாணத்துக் கறி எதையெடுத்தாலும் வெங்காயமும் தூளும் இல்லாததில்லை. ஆகவே 'நாங்கள் தின்பதை நாய்க்குப் போடுவது' என்ற பழைய வழக்கம் கறி கலந்த சோற்றைப் பொறுத்தவரை நல்ல வழக்கமன்று. அவித்த கோழியெலும்பும் கொடுக்கலாகாது; அவிந்த எலும்பு ஈட்டிபோல் பிளந்து குடலைக் கிழிக்கும்.

சோறு மட்டும் நாய்க்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2013ஆம் ஆண்டு சுவீடன் தேசத்து உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் அக்செல்சன் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் ஓநாயினதும் நாயினதும் பரம்பரையலகுகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் அமிலேசு என்ற நொதியத்துக்குரிய அலகு ஓநாயிடம் இரண்டே பிரதிகளாக இருக்க, நாயிடம் 4 முதல் 30 பிரதிகள்வரை இருந்தன. மனிதன் பயிர்செய்து தானியம் தின்னத் தொடங்கிய பின்னர், அவனுடைய எச்சிற் சோற்றை நம்பி வாழ்ந்த நாயின் வயிறும் அதற்கேற்ப மாறிவிட்டது. ஆகவே சோறு நாய்க்குப் பிறவிப் பகையன்று. ஆனால் சோற்றிலே புரதம் போதாது. அவித்து முள்ளெடுத்த சூடை மீனோ, முட்டையோ, கோழியிறைச்சியோ சேரவேண்டும்.

இங்கேதான் எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல் முளைத்தது. நாங்கள் சைவர். வெள்ளிக்கிழமை அடுப்பில் மச்சம் ஏறாது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் வீடு கழுவித் துடைத்துச் சைவம்; மச்சச் சட்டி பரணுக்குப் போய்விடும். 2022ஆம் ஆண்டுத் திருவிழாவின்போது ஜூலிக்கும் பருப்பும் சோறுமே என்றானது. மூன்றாந் திருவிழாவுடன் அது தட்டை மூக்காலே தள்ளித் தள்ளி வாசற்படியிலிருந்து கீழே விழுத்திற்று. வீட்டிலே விரதத்தில் மிகக் கடுமையானவர் என் தாயார். அவரிடம் எப்படிக் கேட்பது என்று நானும் மனைவியும் தயங்கிக்கொண்டிருக்க, அவரே முடிவு சொன்னார்: "விரதம் மனிசருக்குத்தான் தம்பி. வைரவற்ரை வாகனத்துக்கு ஆர் விரதம் வைச்சது? கோடிக்கை கல்லை வைச்சு ஒரு முட்டையை அவிச்சுக் குடு." எங்கள் வளவின் மூலையிலுள்ள வைரவருக்கு விளக்கேற்றிவிட்டு வந்து இதைச் சொன்னார். அன்றுமுதல் கொடியேறிய நாள்களில் வீட்டுக்கு வெளியே தனியடுப்பு, தனிச்சட்டி, மகன் அதற்குச் சமையற்காரன்.

வைத்தியர் சொன்ன ஒழுங்கு மிக எளிமையானது. காலையில் ஒருமுறை, பொழுதுபடும்போது ஒருமுறை, குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் தட்டை வைக்கவேண்டும். இருபது நிமிடம் பொறுக்கவேண்டும். கெஞ்சவோ கையால் ஊட்டவோ சுற்றிநிற்கவோ கூடாது. தின்றாலும் தின்னாவிட்டாலும் இருபதாவது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடவேண்டும். அடுத்த வேளைவரை தண்ணீரைத் தவிர எதுவுமில்லை. சுகமாயுள்ள வளர்ந்த நாய் ஒருவேளை பட்டினி கிடப்பதால் கெட்டுவிடாது. இதைச் சொல்லிவிட்டு அவர் வேறு சிலவும் சொன்னார். சின்னச் சாதிக் குட்டிகளிடம் இந்த முறையைக் கையாளக்கூடாது. அவை சில மணிநேரம் பட்டினி கிடந்தாலே இரத்தத்தில் சீனி குறைந்து மயங்கிவிழும். வளர்ந்த நாயாயினும் ஒரு நாள் முழுவதும் ஒன்றும் தொடாவிட்டால், அல்லது சோர்ந்து கிடந்தால், வாந்தி எடுத்தால், ஒழுங்கை மறந்துவிட்டு உடனே கொண்டுவரவேண்டும். முற்பாதியை நான் மனத்தில் எழுதிக்கொண்டேன். பிற்பாதி காதிலே விழுந்ததோடு சரி. ஆசிரியன் சொல்லும்பொழுது மாணவன் செய்வதும் அதுதானே.

தட்டிலும் ஒரு மாற்றம் செய்தோம். ஜூலியின் கழுத்துப் பட்டியிலே மகள் ஒரு சின்னமணி கட்டியிருந்தாள். குனிந்து தின்னும்பொழுதெல்லாம் அது சில்வர்க் கோப்பையில் மோதிக் கிணுகிணுத்தது. அந்தச் சத்தத்துக்கு ஜூலி துணுக்குற்றுப் பின்வாங்குவதை நான் தற்செயலாகக் கண்டேன். அம்மா பரணிலிருந்து ஒரு சின்ன மண்சட்டியை எடுத்துத் தந்தார். சத்தம் ஓய்ந்தது.

உணவை இளஞ்சூட்டுடன் வைத்தால் மணம் எழும். நாக்கினால் அறியும் சுவையில் நாய் எம்மிலும் தாழ்ந்தது. எமக்குச் சுவையரும்புகள் ஏறக்குறைய 9,000 என்றால் அதற்கு 1,700. மூக்கினால் அறிவதிலோ எம்மை அதனோடு ஒப்பிடவே இயலாது. ஆறிப்போன சோறு நாய்க்கு மணமற்ற சோறு. சூடை மீன் அவித்த தண்ணீரை, உப்புப் போடாமல், கைபொறுக்கும் சூட்டிலே இரண்டு கரண்டி சோற்றின்மேல் ஊற்றினால் ஜூலி குசினி வாசலுக்குத் தானே வந்து நிற்கும். இதை இவ்வளவு காலமும் அறியாதிருந்தோம்.

பசியென்பது வயிற்றிலே மட்டும் பிறப்பதன்று என்பதை உலகுக்கு நிரூபித்தவர் இரசியாவின் இவான் பவ்லோவ். மணியடித்ததும் நாய்க்கு உமிழ்நீர் ஊறிய கதையைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் 1904ஆம் ஆண்டு அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது அதற்காகவன்று. சமிபாட்டைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. அவர் நாயின் உணவுக்குழாயைக் கழுத்திலே வெளித்திறந்துவிட்டார். நாய் இறைச்சியை ஆவலுடன் தின்னும். தின்றது கழுத்துத் துவாரத்தின் வழியே வெளியே விழும். இரைப்பைக்கு ஒரு துணுக்கும் போகாது. எனினும் சில நிமிடங்களில் இரைப்பைச் சாறு சுரந்து பெருகும். இரைப்பைக்குச் செல்லும் வேகசு நரம்புகளை வெட்டிவிட்டால் சுரப்பு நின்றுவிடும். உணவில் ஆசை எழுவதே சமிபாட்டின் முதற்படி என்று அவர் கண்டார். கொடுமையான பரிசோதனைதான்; படிக்கும்பொழுது எனக்குத் தட்டிலே கை போகவில்லை. அந்த நாய்களிடமிருந்து வடித்த சாற்றைப் போத்தலிலடைத்து வயிற்று வருத்தக்காரருக்கு மருந்தாக விற்று, அந்தப் பணத்தையும் ஆய்வுகூடச் செலவுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1935ஆம் ஆண்டு அந்த ஆய்வுநிலையத்தின் முற்றத்திலே நாய்க்கு ஒரு சிலையும் எழுப்பினர்.

பவ்லோவின் நாய்கள் பட்ட பாட்டினால் எமக்குக் கிடைத்த பயன், நேரந்தவறாமையின் மேன்மை. ஒரே நேரத்தில், ஒரே சட்டியில், ஒரே ஓசையுடன் உணவு வந்தால் அந்த ஓசைக்கே வயிறு ஆயத்தமாகிவிடும். பத்து நாளில் ஜூலி பழகிவிட்டது என்று எழுத ஆசைதான். உண்மையில் மூன்று வாரம் சென்றது. அதிலும் முதல் நான்கு நாளும் அம்மாவைச் சமாளிப்பதே பெரும்பாடாயிற்று. தட்டை நான் எடுக்க, அவர் சேலைத் தலைப்பிலே றஸ்க்கை மறைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவதை இரண்டுமுறை கண்டுபிடித்தேன். "பசிச்ச வயித்தோடை ஒரு சீவனைப் படுக்க விடக்கூடாது தம்பி" என்றார். நான் கலோரிக் கணக்கை எடுத்து விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தார், மறுமொழி சொல்லவில்லை.

ஒழுங்கு நிலைத்தது. எட்டு மாதம் எங்கள் வீட்டில் தட்டைப் பற்றிய பேச்சே எழவில்லை. நானும் ஊராருக்கு ஆலோசனை சொல்லும் நிலைக்கு உயர்ந்தேன்.

2023ஆம் ஆண்டு வைகாசியில் ஒருநாள் ஜூலி மறுபடியும் தட்டைத் தொடவில்லை. கடும் வெக்கை, வெக்கைக்கு நாய் குறைவாகத்தான் தின்னும் என்று இருபதாவது நிமிடத்தில் தட்டை எடுத்தேன். மாலையும் அவ்வாறே. பழைய குணம் திரும்பிவிட்டது, விட்டுக்கொடுக்கக்கூடாது என்று வீட்டாருக்குக் கட்டளையிட்டேன். மறுநாளும் முகரவில்லை. அம்மா, "அதுக்கு ஏலாது தம்பி. கண்ணைப் பார்" என்றார். "நீங்கள் பேசாமல் இருங்கோ அம்மா, உங்களாலைதான் அது இப்பிடிக் கெட்டது" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு அந்தச் சொல் எனக்கே உறைத்தது. ஆயினும் தட்டை எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை கூப்பிட்டபோது எழுந்து வரவில்லை. மேசையின்கீழ் கிடந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தேன். செந்நிறமாயிருக்கவேண்டிய முரசு சுண்ணாம்புபோல் வெளிறியிருந்தது. மகள் அழத் தொடங்கினாள். ஓட்டோ பிடித்துக்கொண்டு ஓடினோம். வைத்தியர் உடல்வெப்பம் பார்த்தார், 40.5 பாகை. நாயின் இயல்பான வெப்பம் 38க்கும் 39க்கும் சற்று மேலாக நிற்கும். கால்விரல்களின் இடுக்கிலும் காதினுள்ளும் உண்ணி. வெள்ளை மயிரின் அடர்த்தியிலே நாங்கள் காணாதவை. இரத்தம் எடுத்துச் சோதித்தபோது உண்ணிக் காய்ச்சல் என்று உறுதியாயிற்று. உண்ணியின் கடிவழியே பபேசியா போன்ற நுண்ணுயிர்கள் இரத்தத்தில் புகுந்து செங்கலங்களை அழிப்பதால் வருவது அது. எங்கள் நாட்டு வெப்பத்துக்கு மிகவும் பொருந்திய நோய். "எத்தினை நாளாய்த் தின்னேல்லை?" என்று கேட்டார். "இரண்டு நாள்" என்றேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஊசிமருந்தை எடுக்கத் திரும்பினார்.

அடம்பிடிக்கும் நாயையும் நோயுற்ற நாயையும் பிரித்தறிவது கடினமன்று என்பதை அன்று அவர் விளக்கினார். அடம்பிடிப்பது தட்டை மறுக்கும். ஆனால் பிஸ்கற் பேணியின் ஓசைக்குக் காதை உயர்த்தும். படலை திறந்தால் ஓடும். நோயுற்றது எல்லாவற்றையும் மறுக்கும். பிஸ்கற்றை நீட்டிப் பார்த்திருந்தால் முதல்நாளே எனக்குத் தெரிந்திருக்கும். நானோ பிஸ்கற்றைத் தடைசெய்திருந்தேன்.

மருந்து தொடங்கிய பின்னும் இரண்டு நாள் ஒன்றும் இறங்கவில்லை. குளிசையைத் தூளாக்கி மீன்சோற்றுக்குள் ஒளித்து வைத்தோம். அதனால் இன்னொரு கேடு விளைந்தது. அதற்கு மிகவும் பிரியமான மீன்சோற்றையே வெறுத்துவிட்டது. இதற்கும் சாத்திரம் உண்டு. அமெரிக்காவிலே ஜோன் கார்சியா என்பவர் 1955ஆம் ஆண்டு எலிகளைக்கொண்டு காட்டினார்: ஒரு சுவையை உண்டபின் உடல் குமட்டினால், அந்தச் சுவையை எலி பிறகு தீண்டாது. வருத்தமான நேரத்திலே பிரியமான உணவைத் திணித்தால் பிரியம் போய்விடும். மருந்தை வேறொன்றில் கொடுக்கவேண்டும். நாளாந்த உணவிலே கலக்கக்கூடாது.

மூன்றாம் நாள் மாலை அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பில்லாக் கஞ்சியைத் தெளியவைத்துக்கொண்டு ஜூலியின் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்தார். முழங்கால்நோவினால் அவர் நிலத்தில் அமர்வதை விட்டுப் பல காலமாயிற்று. சுட்டுவிரலைக் கஞ்சியில் தோய்த்து அதன் மூக்கருகே பிடித்தார். நெடுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். ஜூலி ஒருமுறை நக்கியது. மறுபடி தோய்த்தார். அரைமணி நேரத்தில் கிண்ணம் காற்பங்கு குறைந்தது. நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊட்டக்கூடாது என்ற விதியை வகுத்தவன் நான். அன்று அந்த விதியைப் பற்றி வாய்திறக்கவில்லை.

அன்றிரவுதான் அம்மா வீமனைப் பற்றிச் சொன்னார். வீமனை எனக்கும் நினைவுண்டு. பதினைந்து வயதுப் பையனாக நான் அதனோடு வளவெல்லாம் ஓடியிருக்கிறேன். செம்பட்டை நிறத்து ஊர்நாய். பொருளாதாரத் தடைக்காலத்திலே சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அருமையாயிருந்தபோதும் எங்களோடு கூழ்குடித்து வளர்ந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது நாங்களும் புறப்பட்டோம். மழை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் அடியெடுத்து வைக்க இடமில்லை. சைக்கிளில் அரிசிமூட்டை, அப்பாவின் தோளில் தங்கை. நாயைக் கூட்டிச்செல்ல வழியிருக்கவில்லை. கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டது நான்தான். நான் அறியாதது ஒன்றிருந்தது. அம்மா எல்லாருக்கும் பின்னால் வந்தார் என்பது நினைவிருக்கிறது; எதற்காகப் பிந்தினார் என்று கேட்டதில்லை. இரண்டொரு நாளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில், இராச்சாப்பாட்டுக்கு ஆக்கிய சோறு முழுவதையும் குசினிக் கோடியிலே மண்சட்டியில் நிரப்பி, நாய் தானே தள்ளித் திறக்கும்படி ஒரு சுளகினால் மூடிவைத்துவிட்டு வந்திருக்கிறார். "இரண்டு நாளுக்குக் காணும் எண்டு வைச்சன்" என்றார்.

நாங்கள் திரும்பி வந்தது 1996ஆம் ஆண்டு சித்திரையிலே. வேலி சரிந்து, வளவிலே பற்றை வளர்ந்திருந்தது. வீமனைக் காணவில்லை. அயலிலும் விசாரிக்க ஆளிருக்கவில்லை. சட்டி வைத்த இடத்திலேயே கவிழ்ந்து கிடந்ததாம். அதைத்தான் அம்மா கழுவிப் பரணிலே வைத்திருந்தார்.

ஜூலி முற்றாகத் தேற ஒரு மாதம் சென்றது. இப்பொழுது ஒவ்வொரு மாலையும் மகள் அதன் காதையும் விரலிடுக்கையும் தடவி உண்ணி பார்ப்பாள். உண்ணிக்கு மாதாந்த மருந்தும் உண்டு. செலவுதான், ஆயினும் ஓட்டோவில் ஓடிய அந்தக் காலையை நினைத்தால் மலிவு. சோறு, மீன் அல்லது முட்டை, அவித்த பூசணிக்காய் ஒரு கரண்டி. வெள்ளிக்கிழமையில் கோடியடுப்பு. இருபது நிமிட ஒழுங்கு அப்படியே நடக்கிறது. ஆனால் தட்டை வைப்பதும் எடுப்பதும் என் பொறுப்பன்று, அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டோம். நாளொன்றுக்கு ஒரு றஸ்க் அவர் விருப்பப்படி கொடுக்கலாம் என்றும், அதற்கீடாகச் சோற்றில் ஒரு கைப்பிடி குறைப்பது என்றும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டிருக்கிறது. அயல்வீட்டு அக்காவும் பாண்துண்டை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார். வேலிப்பொட்டருகே ஜூலி நாளும் காலை எட்டுமணிக்குப் போய் நிற்பதைப் பார்த்தால் எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை.

இரவு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா விறாந்தைப் பக்கமிருந்து சட்டியை எடுத்துக்கொண்டு என் மேசையைக் கடந்து போவார். சிலவேளை நின்று, சட்டியைச் சரித்து எனக்குக் காட்டுவார். அடியிலே இரண்டு பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கும்.

"இண்டைக்குப் பரவாயில்லை, தம்பி" என்பார்.